சிநேகப் போட்டி நடத்தி வெச்சவன்

ஏனுங்க, இந்த மொத சீட்டுக்கு ஆளு வராங்களா? இல்லீங்களா? அப்ப நான் உக்காந்துக்கறேன். நீங்க ஜன்னலோரமே இருந்துக்குங்க, பரவால்லீங்க. எனக்குத்தான் மலை ஏறுறப்ப காத்து மூஞ்சியில படாட்டிச் சித்த ஒரு மாதிரி ஆயிரும். அதுக்காக நீங்க எந்திரிக்கோணும்னு இல்லீங்க. அட, எந்திரிச்சுட்டீங்களா? சரி, இவ்வளவு சொல்றீங்க. தள்ளிக்குங்க.

வால்பாறைக்குங்களா? நானும் அங்கதான். சோலின்னு ஒண்ணும் இல்லீங்க. சும்மா. ஞாயித்துக்கெழமை பாருங்க, கடை லீவு. உடுமலையில கண்ணாடிக் கடை வெச்சிருக்கறேன். மூஞ்சி பாக்கற கண்ணாடி இல்லீங்க, மூஞ்சியில போடற கண்ணாடி. ‘தெளிவு ஆப்டிகல்ஸ்’. பேரு சென்னியப்பன். கண்ணு டெஸ்ட்டெல்லாம் நானே பண்ணுவேன். இருபத்திரண்டு வருசமாச்சு, ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்லை. திரும்பி வந்தாத்தானே சொல்லுவாங்கன்னு என்ற சம்சாரம் பூங்கொடி சொல்லுவா. அவளுக்கு என்ற தொழில் மேல அவ்வளவு பெருமை.

தொப்பியைப் பாக்கறீங்க. ‘உடுமலை கார் நேசர் சங்கம், செயலாளர்.’ முன்னாள் செயலாளருங்க. ‘முன்னாள்’னு சேத்தித் தைக்கச் சொன்னேன், எடம் பத்தலைன்னுட்டான் டெய்லர்.

கார் சங்கத்துக்காரன் எதுக்கு பஸ்ஸுல வரான்னு நினைக்கறீங்க. சொல்றேன். யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு இருந்தேன். பூங்கொடிகிட்ட மட்டும்தான் சொன்னேன், அப்பறம் கடைக்கு வர்றவங்க கேட்டா சொல்லுவேன். உங்களைப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது. கும்பல்ல எந்திரிச்சுப் போகவும் முடியாது உங்களால.

எங்க சங்கத்துல பதினாலு காருங்க. கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே வெச்சிருப்போம். என்ற வண்டி தொண்ணூத்திரெண்டு மாடல் மாருதி எண்ணூறு. சீட்டு கவர்கூட அன்னைக்கு வந்ததுதான். தலைவர் கனகரத்தினம் டாக்டர். மாட்டு டாக்டருங்க. கன்னுக்குட்டிக்கு ஊசி போடப் போனாலும் காரைத் தொடைச்சுட்டுத்தான் போவார்.

முப்பது கிலோமீட்டர் தள்ளி பொள்ளாச்சியில இன்னொரு கூட்டம். அவங்க நேர் எதுரு. கார் வாங்குன மறுநாளே பிரிச்சு மேஞ்சிருவாங்க. பெரிய சக்கரம், பெரிய சைலன்சர். அவங்க தலைவர் நல்லமுத்துன்னு ஒருத்தர், தேங்கா நார் மில்லு வெச்சிருக்கார். அவர் ஜீப்புல முன்னால மட்டும் ஒம்பது லைட்டு. எதுக்கால வந்துச்சுன்னா சாமி ஊர்வலம் வருதுன்னு கன்னத்துல போட்டுக்கத் தோணும். அவங்க எங்களை ‘மியூசியம்’பாங்க. எங்காளுங்க அவங்களை ‘ரேடியோ செட்டு’ம்பாங்க. நான் அப்படியெல்லாம் வாய் பேசற ஆளே இல்லீங்க. அந்தப் பேரை வெச்சது மட்டும்தான் நான்.

போன தை மாசம் ரெண்டு சங்கமும் ஒரே நாள்ல வால்பாறைக்கு ஊர்வலம் கெளம்பிட்டோம். இதே ரோடுதான். நாப்பது கொண்டை ஊசி வளைவு. மூணாவது வளைவுல, யாரு முன்னால போறதுன்னு ஓரியாட்டம் வந்துருச்சு. ஒண்ணரை மணி நேரமுங்க. மேல தேயிலை லாரி நிக்குது, கீழ பஸ்ஸு நிக்குது, நடுவால ஒரு கல்யாண வேன். மாப்பிள்ளை எறங்கி வந்து கையெடுத்துக் கும்பிடறார். கடைசில இன்ஸ்பெக்டர் வந்தார். “ரோட்டுக்குக் குறுக்கால மாருதியை நிறுத்துனது யாரு?”ன்னார். “அதைக் கண்டுபுடிச்சு இப்ப என்ன சார் ஆகப் போவுது, நடக்க வேண்டியதைப் பாப்போம்”னேன். அப்பவே நான் சமாதானம்தான் பேசுனேன், பாத்துக்குங்க.

அவர் கறாராச் சொல்லிட்டார். “அடுத்த வருசம் ஒரே மனு, ஒரே வரிசை. எந்த ஊரு முன்னால போறதுன்னு பேசி முடிச்சுட்டு வாங்க. இல்லாட்டி மலையடிவாரத்துலயே நின்னு போட்டோ புடிச்சுட்டு ஊட்டுக்குப் போங்க.”

டிக்கெட்டுங்களா? எடுத்துட்டேன் கண்டக்டர். இவருதையும் பாத்துக்குங்க.

எங்க விட்டேன்? ஆங். ரெண்டு ஊருக்கும் நடுவால கோமங்கலத்துல ஒரு பேக்கரி. அங்க உக்காந்து பேசுனோம். சீட்டுக் குலுக்கிப் போடலாம்னார் எங்க டாக்டர். யாரு குலுக்கறதுன்னு சண்டை வந்துருச்சு. நெசமாவே காரை ஓட்டிப் பாத்துக்கலாம்னார் நல்லமுத்து. இன்ஸ்பெக்டர் தூக்கி உள்ள வெச்சிருவார்னு நான்தான் தடுத்தேன். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை உதிச்சுது. பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா போன்ல கார் கேம் ஆடிட்டு இருந்தாங்க. “ஏனுங்க, நாமளும் போன்லயே ரேஸ் உட்டா என்ன? அவங்கவங்க ஊர்ல இருந்தே ஆடலாம். பக்கம் பக்கமா உக்காந்தாத்தானே அடிச்சுக்குவோம்? ஒரு சிநேகப் போட்டி. செயிச்ச ஊரு முன்னால போகட்டும்.”

எல்லாரும் என்னையே பாத்தாங்க. நல்லமுத்து தேங்கா பன்னைக் கீழ வெச்சுட்டு, “செயலாளரே, ஒருக்காச்சும் உருப்படியாப் பேசுனீங்க”ன்னார். எதிரியே பாராட்டறதுன்னா சும்மாவா?

அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு. நான் நடுவர். உடுமலைக்காரன் எப்படி நடுவர் ஆகலாம்னு கேட்டாங்க. என்ற மனசாட்சி பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நட்ட நடுவுல இருக்குதுன்னேன். ஒத்துக்கிட்டாங்க. வேற யாருக்கும் வேலை செய்ய மனசில்லைங்கறதும் ஒரு காரணம்.

விதிமுறை எழுதுனேன். பதினெட்டு விதி. டைப் அடிச்சு, லேமினேட் பண்ணி, ஆளுக்கொண்ணு குடுத்தேன். விதி ரெண்டு, ஆடறப்ப சோடா குடிக்கக் கூடாது. விதி நாலு, எதிராளியைத் திட்டறதா இருந்தா ‘ஐயா’ போட்டுத்தான் திட்டோணும். விதி பதினொண்ணு, தோத்தவன் சிரிக்கோணும், செயிச்சவன் சிரிக்கக் கூடாது. விதி பதினெட்டு, நடுவர் சொல்றதே முடிவு. எங்க டாக்டர் படிச்சுப் பாத்துட்டு, “ஏப்பா, மாடு வாங்கறதுக்குக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்களே”ன்னார்.

அப்பறம் ஒரு மாசம் பயிற்சி. நம்மாளுங்க எல்லாம் நாப்பது, அம்பது தாண்டுனவங்க. வளைவு வந்தா போனோட சேந்து ஒடம்பும் வளையும். எங்க பொருளாளர் வலது பக்கம் திரும்பறேன்னு சேரோட சாஞ்சு மேசை மேல விழுந்துட்டார். டாக்டர் மாட்டுத் தொழுவத்துல நின்னுட்டே ஆடுவார். நான் நடுவராச்சுங்களே, ஆனாலும் தெரிஞ்சுக்கோணுமில்லீங்களா? ஊட்டுல ஆடிப் பாத்தேன். ஒவ்வொரு வளைவுலயும் என்னையறியாம கையை வெளிய நீட்டி சிக்னல் காட்டிருவேன். காபி கொண்டாந்த பூங்கொடி மேல பட்டு, டம்ளர் போயி சாமி படத்து மேல விழுந்துச்சு. “ஊட்டுக்குள்ளயே ஆக்சிடென்ட் பண்ற மொத ஆளு நீங்கதான்”னா.

ஆழியார் வந்துருச்சு, பாருங்க. செக்போஸ்ட்டு. பஸ்ஸை நிறுத்த மாட்டாங்க, காரைத்தான் நிறுத்திச் சோதிப்பாங்க. அதென்ன அத்தனை காரு வரிசையா நிக்குது? ஒண்ணுமில்லீங்க. செருப்பு வாரு அவுந்துருச்சு, அதான் குனிஞ்சேன். போயிருச்சுங்களா? தாண்டியாச்சுங்களா?

சரி, கதைக்கு வாரேன். போட்டி நாள். ஞாயித்துக்கெழமை காலையில பதினொரு மணி. எங்க அஞ்சு பேரும் என்ற கடையில. அங்க நெட்டு நல்லா வரும். அவங்க அஞ்சு பேரும் நல்லமுத்து மில்லு ஆபீஸ்ல. நடுவர் யாரு பக்கமும் சாயக் கூடாதுன்னு நான் மட்டும் உள்ள, கண்ணு டெஸ்ட் பண்ற ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டேன். கேம்ல ஒரு ரூம் போட்டேன். அப்படிப் போட்டா ஆறு எழுத்துல ஒரு நம்பர் வரும். அதை அடிச்சாத்தான் மத்தவங்க உள்ள வர முடியும். நம்பரை ஒரு சீட்டுல எழுதி, போன்ல கூப்பிட்டு ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி படிச்சுச் சொன்னேன். “அடிச்சாச்சுங்களா?” “அடிச்சாச்சு.” “விதி நாலு ஞாபகம் இருக்கட்டும்.” போனை வெச்சுட்டேன்.

ரூம்ல பாத்தா ஒருத்தரும் வரலை. ரோடு காலியா இருக்குது. நான் என்ன நினைச்சேன் தெரியுமுங்களா? ஆகா, என்ன ஒழுக்கம்! நடுவர் விசில் ஊதாம ஒருத்தன்கூட உள்ள காலு வெக்கலையேன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. விசில் ஊதுனேன். அப்பவும் ரோடு காலி. கார் கௌம்பறதுக்கு நேரம் ஆகும்போலன்னு நாப்பது நிமிசம் காலி ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். வெளிய நம்மாளுங்க சத்தம் வேற. “உடாதீங்க! உடாதீங்க!”ங்கறாங்க. போட்டி நல்லாப் போயிட்டிருக்குதுன்னு சந்தோசப்பட்டேன்.

நடந்தது என்னன்னா, நான் எழுதுன எட்டை ஆறுன்னு படிச்சுட்டேனுங்க. படிச்சது சரியாத்தான் படிச்சேன், எழுதுனதுதான் ஆறு மாதிரி இருந்துச்சு. எழுதுனதும் நான்தான், அதை விடுங்க. அந்த நம்பருக்கு வேற யாரோட ரூமோ இருந்திருக்குது. பத்துப் பேரும் அதுக்குள்ள போயிட்டாங்க.

யாரு ரூமுன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூர்ல ஒரு பொண்ணுக்குப் பொறந்த நாளு. மகிழினின்னு பேரு. ஒம்பது வயசு. அவளும் அவ சிநேகிதிங்க அஞ்சு பேரும் கேக் வெட்டிட்டு கேம் ஆடிட்டு இருந்திருக்குதுங்க. நடுவால பத்து அங்கிள் போயி நிக்கறாங்க. கேம்லயே பேசிக்கவும் முடியுமுங்க. “நீங்க யாரு அங்கிள்?”னு கேட்டிருக்குது. உடுமலைன்னு நம்மாளுங்களும், பொள்ளாச்சின்னு அவங்களும் நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்காங்க. “சரி, வந்தது வந்துட்டீங்க. ஒரு ரேஸ் ஓட்டுங்க பாக்கலாம்”னுருக்குது.

பத்துப் பேரும் தோத்தாங்க. சும்மா தோக்கலை. மகிழினி ஒரு சுத்து முடிச்சுட்டுத் திரும்பி வரப்ப எங்க பொருளாளர் இன்னும் வண்டியை ஸ்டார்ட் பண்ணலை. “அங்கிள், பிரேக்குல இருந்து கையை எடுங்க”ன்னு சொல்லிட்டுப் போச்சாம். நல்லமுத்து நேராப் போயி செவுத்துல முட்டி முட்டி நின்னிருக்கார். “இந்த அங்கிளுக்கு ரோடு தெரியலை போல, லைட்டு வாங்கிக் குடுங்க”ன்னு இன்னொண்ணு. ஒம்பது லைட்டு வெச்ச மனுசனைப் பாத்து!

அங்கதானுங்க தப்பு நடந்துச்சு. மானம் போச்சேன்னு ரெண்டு ஊரும் ஒண்ணாச் சேந்துருச்சு. “டாக்டரய்யா, நான் குறுக்கால நிக்கறேன், நீங்க இந்தப் பக்கமாப் பூந்து போங்க”ன்னு நல்லமுத்து சொல்றார். “நல்லமுத்தய்யா, எடது பக்கம் அந்தச் செவப்புக் கார் வருது, உடாதீங்க!”ன்னு எங்க டாக்டர் கத்தறார். பதினொரு ரேஸ். பதினொண்ணுலயும் தோல்வி. ஆனா விதி நாலை ஒருத்தரும் மீறலை, அது என்ற விதிமுறைக்குக் கெடைச்ச வெற்றி.

நான் கதவைத் தொறந்துட்டு வெளிய வந்தது பன்னெண்டாவது ரேஸ்ல. பாத்தா அஞ்சு பேரும் சோடா குடிச்சுட்டு இருக்காங்க. விதி ரெண்டு! ஸ்பீக்கர்ல பொள்ளாச்சிக்காரன் பேசறான், எங்காளு சிரிக்கறான். “என்ன நடக்குது இங்க?”ன்னேன். “சித்த இருங்க செயலாளரே”ன்னுட்டு திரும்பிக்கூடப் பாக்கலை. விசயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். போட்டியே செல்லாதுங்களே! நடுவர் இல்லாத ரூம்ல, சம்பந்தமில்லாத கொழந்தைங்களோட! “எல்லாரும் நிறுத்துங்க. சரியான ரூமுக்கு வந்து மொதல்ல இருந்து ஆரம்பிங்க”ன்னு விசில் ஊதுனேன். ஒருத்தன் காதுலயும் ஏறலை.

அப்பத்தான் நான் என்ற கடமையைச் செஞ்சேன். செவுத்துல நெட்டுப் பொட்டி இருக்குது பாருங்க, அதோட சுவிச்சை அமத்துனேன்.

அது எந்த நேரம்னு எனக்கெப்படித் தெரியும்? நல்லமுத்து தன்ற வண்டியைக் கொண்டுபோயி பள்ளத்துல உருட்டி, மகிழினி வண்டியைச் சித்த நேரம் மறிச்சு வெச்சிருந்தாராம். எங்க டாக்டர் முன்னால பூந்து, எல்லைக்கோட்டுக்கு நூறடி தூரத்துல, மொத எடத்துல வந்துட்டு இருந்தாராம். திரை அப்படியே நின்னுருச்சு. டாக்டர் தலையைத் தூக்கி என்னைப் பாத்தார் பாருங்க, இருபத்தஞ்சு வருசமா மாடு மிதிச்சப்பக்கூட அந்த மனுசன் ஒரு மாட்டை அப்படிப் பாத்திருக்க மாட்டார். அப்பறம் பொள்ளாச்சியில இருந்து போன் வந்துச்சு. நல்லமுத்து. “சென்னியப்பய்யா”ன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம் பேசுனார். நல்ல வேளை, எல்லாத்துக்கும் ஐயா போட்டார்.

அன்னைக்குப் பொழுதோட சங்கத்து வாட்சப் குரூப்ல பெரிய கடுதாசி எழுதுனேன். நாப்பது வரி. நடுவர் மரியாதை, விதியின் புனிதம், எல்லாம். ‘ஆகவே மனம் நொந்து விலகுகிறேன்’னு முடிச்சு, வெளிய போற பட்டனை அமத்திட்டேன். அவங்கதான் என்னை நீக்குனாங்கன்னு ஊர்ல சொல்லிட்டிருக்கறேன், ஒரு வகையில அதுதானே உண்மை? விலகுனா திரும்பச் சேத்தோணுமா இல்லீங்களா? ஒரு நாள் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். போனைக் கையிலயே வெச்சிருந்தேன். ஒரு கஸ்டமருக்கு எடது கண்ணையே ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி அனுப்பிச்சுட்டேன்.

அப்பறம் டாக்டர் சம்சாரம் சொல்லி பூங்கொடிக்குத் தெரிஞ்சுது. ரெண்டு சங்கமும் ஒரே குரூப்பா ஆயிருச்சாம். பேரு ‘மகிழினி அங்கிள்ஸ்’. அந்தப் பொண்ணோட அப்பா அம்மாகிட்டப் பேசி, எல்லாருமாப் போயி ஒரு பெரிய கேக்கும் குடுத்துட்டு வந்தாங்களாம். பொள்ளாச்சிக்காரன் ஊட்டு விசேசத்துக்கு உடுமலைக்காரன் போறான். எங்க பொருளாளர் தன்ற காருக்கு ரெண்டு லைட்டு மாட்டிட்டார். ஊரையே சேத்தி வெச்சது யாருங்க? நான் ரூம் நம்பர் சொல்லாட்டி இது நடந்திருக்குமா? அந்த நன்றி ஒருத்தனுக்காச்சும் இருக்குதா? பூங்கொடிகிட்டச் சொல்லி அழுதேன். அழுதேன்னா, அழுகலை, கண்ணுல தூசி. அவ சொல்றா, “போன் போட்டு ஒரு வார்த்தை, தப்பாப் போச்சுன்னு சொல்லுங்களேன்.” என்ன தப்பு? நடுவர் எப்படி மன்னிப்புக் கேப்பான்? விதி பதினெட்டு என்ன ஆகறது?

ஊர்வலம் எப்பவா? இன்னைக்குத்தானுங்க. ஆமா, செக்போஸ்ட்டுல நின்னது அவங்கதான். இருவத்தேழு காரு. கூப்பிடாத ஊர்வலத்துக்கு என்ற வண்டியில நான் எப்படிப் போறது? பஸ்ஸுன்னா பொது. யாரு வேண்ணாலும் போலாம். வால்பாறையில டீக்கடையில உக்காந்திருப்பேன். அவங்க வருவாங்க. ‘அடடா, நீங்களுமா’ம்பேன். அவ்வளவுதான் திட்டம்.

சித்த இருங்க. என்ன ஹார்ன் சத்தம்? எட்டிப் பாக்கறேன். அட சாமீ! செக்போஸ்ட்டுல உட்டுட்டாங்க. பின்னாலயே வராங்க. மொத வண்டி நல்லமுத்து ஜீப்பு, ஒம்பது லைட்டும் எரியுது. பக்கத்து சீட்டுல யாருங்க அது? எங்க டாக்டர். எங்க டாக்டர், அந்த ஜீப்புல. யாரு முன்னால போறதுங்கற பிரச்னையை இப்படித் தீத்துக்கிட்டாங்க போல. ரெண்டு பேரும் ஒரே வண்டியில. எனக்கு இந்த யோசனை வரலையே.

அதுக்கப்பறம் வரிசையா... ரெண்டு, மூணு, அஞ்சு... கீழ் வளைவுல எங்க ஆளுங்க காரெல்லாம் வருது. வெள்ளையா, தொடைச்சு... நல்லாத்தான் இருக்குது பாக்க. மேல வளைவுல இருந்து எட்டிப் பாத்தா கீழ இருக்கறவங்களுக்கு நம்ம மூஞ்சி தெரியுமுங்களா? தெரியுங்களா? பாத்துட்டார். டாக்டர் கையைக் காட்டறார். நான் பாக்கலை. நான் மலையைப் பாக்கறேன்.

போன் அடிக்குது. அவர்தான். நான் எடுக்க மாட்டேனுங்க. மூணு மாசம் கழிச்சு, நடுவழியில கூப்பிட்டா எடுத்துருவனா? மானம் ரோசம் இல்லையா? நின்னுரப் போவுது, நின்னுரப் போவுது, நீங்க எடுங்க! எடுத்து, அவர் தூங்கறார்னு சொல்லுங்க. என்னங்கறார்? நான் எட்டிப் பாத்ததைப் பாத்தாராமா? தூக்கத்துல எட்டிப் பாப்பேன்னு சொல்லுங்க. அப்பறம்? ஜீப்புல பின் சீட்டு காலியா வெச்சிருக்காங்களா? யாருக்கு? எனக்கா? காலையில ஊட்டுக்கே வந்தாங்களா? பூங்கொடி, அவர் அஞ்சு மணிக்கே எங்கயோ போயிட்டாருன்னாளா? இவ ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? பண்ணுனாளா? ஆமாங்க, அவ நம்பர்ல இருந்து ஆறு தடவை வந்திருக்குது. தப்பாப் போச்சுன்னு சொல்லுங்கன்னு மறுபடியும் ஆரம்பிப்பான்னு நினைச்சு, கெத்தா விட்டுட்டேன்.

இன்னும் என்னமோ சொல்றார், கேளுங்க. அடுத்த வாரம் மகிழினிகூட மறுபடியும் போட்டியா? என்ற கடையிலயா? நெட்டு அங்கதான் நல்லா வருதுங்கறாரா? நடுவர் யாருன்னு கேளுங்க. நானேவா? ஆனா ஒரு நிபந்தனையா? என்ன நிபந்தனை? சுவிச்சுக்குப் பத்தடி தள்ளிச் சேர் போட்டு உக்காரோணுமா? எட்டடின்னு கேட்டுப் பாருங்க. கடை சின்னதுங்க. சரி, பத்து. ஒத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. பெருந்தன்மையா ஒத்துக்கிட்டார்னு சொல்லுங்க.

அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஜீப்புல ஏறிக்கச் சொல்றாரா? எறங்கலாம்தான். டாக்டரைப் பாத்து மூணு மாசமாச்சு. கண்ணு வேற... தூசிங்க, இந்தக் காத்துல. ஜன்னலை நீங்களே சாத்துங்க.

இருங்க, இருங்க. கண்டக்டரைக் கூப்பிடாதீங்க. எனக்கு இப்பத்தான் புடிபடுது. இந்த பஸ்ஸை அவங்களால முந்த முடியாதுங்களே! நாப்பது வளைவும் இப்படித்தான். இருவத்தேழு காரும் யாரு பின்னால வருது? நான் மொத சீட்டுல உக்காந்திருக்கறேன்.

போனை இங்க குடுங்க, நானே பேசறேன். டாக்டர்... நல்லா இருக்கீங்களா? நானும்தானுங்க. சீட்டை அப்படியே வெச்சிருங்க, மலை எறங்கறப்ப அதுலயே வாரேன். இப்ப வேண்டாம். இப்ப நான் முன்னால போயிட்டு இருக்கறேன். எல்லாரையும் பின்னாலயே பதனமா வரச் சொல்லுங்க.